பாஞ்சாலியும் செய்யூர் சபையும்

சென்ற மாதம் பொத்தேரியிலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர் கேமராவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஏதோ ப்ராஜெக்டாம். செங்கல்பட்டில் ஓய்வுபெற்ற சின்னத்திரை நடிகை ஒருத்தி இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். விளக்கு வைத்தார்கள், புடவைத் தலைப்பில் மைக் குத்தினார்கள், சத்தம் வருகிறது என்று ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு அதில் ஒரு பெண் கேட்டாள், "மேம், அந்தப் புடவை சீன் கிராபிக்ஸ்தானே?"

இல்லை என்றேன்.

"பின்ன எப்படி மேம்?"

"தைச்சோம்" என்றேன்.

ஃபேன் இல்லாமல் அதற்கு மேல் பேச முடியவில்லை. அவர்களும் இது போதும் என்று கிளம்பிவிட்டார்கள். போகும்போது சொன்னார்கள், நான் பாஞ்சாலியாக நடித்த அதே பாரதத்தை இப்போது மறுபடி எடுக்கிறார்களாம். புடவை கம்ப்யூட்டரில் வளர்கிறதாம். சபையும் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருக்கிறதாம். பச்சைத் துணிக்கு முன்னால் ஒரு பெண் தனியாக நின்று கதறிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நல்ல ஏற்பாடு. எங்கள் நாளில் சபைக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதில்தான் வம்பு வந்தது. அதை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஃபேன் ஓடுகிறது.

என் பெயர் ஸ்டெல்லா. டைட்டிலில் வந்த பெயர் தாரிணி. அப்பா செய்யூர் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். தாத்தா பாட்டி அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். அப்பா தண்டவாள வேலைக்குச் சேர்ந்து செங்கல்பட்டில் குடியேறினார். அம்மா லூர்து மேரி, ஆஸ்பத்திரியில் ஆயா. எனக்கு நடிப்புப் பயிற்சி என்று எதுவும் கிடையாது. கோயிலில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவார்கள். மேய்ப்பன், ஒட்டகக்காரன், ஒரு வருஷம் ஆடு என்று எல்லாம் நடித்திருக்கிறேன். மரியாள் வேஷம் சிவப்பான பெண்களுக்கு. அப்புறம் சென்னையில் ஒரு நாடகக் குழு, கொஞ்சம் டப்பிங், பிறகு சீரியல்களில் தங்கச்சி, நர்ஸ், இரண்டாவது வாரத்தில் கொலையாகிறவள். அம்மா எல்லாப் படப்பிடிப்புக்கும் கூட வருவாள். கையில் ஜெபமாலையும் பையில் பிளாஸ்டிக் டப்பாவில் தயிர் சாதமும் இருக்கும்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவதற்குப் பாரதம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர் உண்டு. கருப்பானவள் என்று அர்த்தம். இயக்குநர் படித்தவர், ஆகையால் கருப்பான பெண்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடி என்னைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்த மறுநாள் மேக்கப்மேன் என்னை நன்றாக வெளுத்தார். கேட்டதற்கு லைட்டிங்குக்காக என்றார்கள். அதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. மேக்கப்பைக் கழுவிவிட்டால் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. குரலை வைத்துத்தான் பிடிப்பார்கள்.

இயக்குநர் பெயர் சுந்தரேசன். சத்தம் போடவே மாட்டார். நான் பார்த்தவர்களில் மைக்கைத் தொடாத இயக்குநர் அவர் ஒருவர்தான். டேக் பிடித்திருந்தால் வாட்சைப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் நம் பக்கத்தில் வந்து, ரொம்ப அக்கறையாக, "சாப்பிட்டீங்களா?" என்பார். ஆச்சு சார் என்றால், "நல்லது, ஒன் மோர் போலாம்." ஆரம்பத்தில் நான் அதை நிஜமான விசாரிப்பு என்று நினைத்து, இட்லி, சட்னி, அம்மா கொண்டுவந்த தயிர் சாதம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பீமனாக நடித்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, அவர் திட்டறாரும்மா" என்றார்.

சீரியல் ஓட ஆரம்பித்ததும் ஒரு விஷயம் புரிந்தது. சென்னையில் அது சீரியல். சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டினால் வேறு. எங்கள் பக்கத்தில் திரௌபதி கதையில் வரும் பெண் இல்லை, அம்மன். ஊருக்கு ஊர் அவளுக்குக் கோயில், பாரதம் படிப்பது, கூத்து, தீமிதி. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் நான் கண்டக்டரிடம் பேசிய குரலைக் கேட்டு ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். நான் பாக்கிச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மீன் வாங்குவதும் சிக்கலாகிவிட்டது. கடலோரக் குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து விற்கும் கன்னியம்மா என்ற அம்மாளிடம்தான் படப்பிடிப்பு நாட்களில் வாங்குவோம். அவள் என் குரலைக் கண்டுபிடித்த அன்றோடு மீன் நின்றது.

"நீ துன்னக்கூடாது ஆத்தா. அம்மன் வேசம் கட்டிகினு கீற. விரதம் கீது" என்றாள்.

அம்மாவுக்குக் கோபம். "நாங்க வேதக்காரங்க. வெள்ளிக்கிழம கறிதான் துன்ன மாட்டோம். மீனு துன்னலாம்னு ஃபாதரே சொல்லிகிறாரு."

"உங்க ஃபாதரு சொல்லுவாரு மேரியக்கா. எங்க அம்மன் சொல்லணுமே."

அதன்பிறகு அம்மா தனியாகப் போய், தனக்கு மட்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருவாள். நிறைய வாங்குவாள். கன்னியம்மா ஒன்றும் கேட்டதில்லை.

அஸ்தினாபுரம் செட்டை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் போட்டிருந்தார்கள். பிளைவுட், தெர்மகோல், தங்க நிறப் பெயின்ட். கடல் காற்றுக்குத் தூண்கள் ஆடும். பீஷ்மருக்குப் பக்கத்துத் தூணை மட்டும் வலைக்கயிற்றால் பின்னால் சவுக்கு மரத்தில் கட்டியிருந்தார்கள். பீஷ்மரிடம் சாய வேண்டாம் என்று தினமும் காலையில் சொல்லவேண்டும்.

துகில் உரியும் காட்சிக்கு ஒரு வாரம் ஒத்திகை. எப்படிச் செய்தோம் என்று அந்த மாணவர்களுக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரே சாயத்தில் தோய்த்த புடவைகளை ஒன்றோடொன்று முனை தெரியாமல் தைத்தார்கள். சேர்த்துத் தைத்த இடங்களில் ஜரிகை வைத்து மறைத்தார்கள். அதில் ஒரு பகுதியை என் மேல் சுற்றி, மீதியைத் தரையில் வெட்டிய குழிக்குள் மடிப்பு மடிப்பாக அடுக்கினார்கள். நான் நிற்கும் இடத்தில் ஒரு வட்டப் பலகை. அதற்குக் கீழே பழைய லாரிச் சக்கரத்தின் பேரிங். இரண்டு லைட்மேன்கள் குழிக்குள் குனிந்து அந்தப் பலகையைத் தள்ளிச் சுற்றுவார்கள். துச்சாதனன் இழுக்க இழுக்க நான் சுற்றுவேன். கைகளைத் தூக்கிக் கடவுளைக் கூப்பிடும்போது கண்ணை மூடக்கூடாது, மூடினால் தலை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும். நான் பார்த்தது பீஷ்மரின் தூணை.

உள்ளே கழுத்திலிருந்து கணுக்கால்வரை இறுக்கமாக ஒரு உடுப்பு, அதற்குமேல் முழங்கைவரை வந்த ரவிக்கை, அதற்குமேல் புடவை. காஸ்ட்யூமர் மணி அண்ணன் எனக்கு அளவெடுத்துத் தைத்தது. பிடித்து இழுப்பதற்கு வசதியாக என் கூந்தலோடு வேறு கூந்தலைச் சேர்த்துப் பின்னியிருந்தார்கள். வலிக்காது என்றார்கள். கொஞ்சம் வலிக்கும்.

துச்சாதனன் வேஷம் பிரபாகருக்கு. செங்கல்பட்டில் ஜிம் வைத்திருந்தவர். கை என் தொடை அளவு இருக்கும். சுபாவத்தில் ஆட்டுக்குட்டி. ஒத்திகையில் என் கூந்தலைத் தொடும்போதெல்லாம் "சாரி சிஸ்டர், சாரி சிஸ்டர்" என்பார். அந்தக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து அவர் மாமியார் அவருக்குச் சோறு போடுவதில்லை என்று சொன்னார்.

சபையை நிரப்ப ஏஜென்ட் செய்யூர் பக்கத்திலிருந்து வேனில் ஆட்கள் கூட்டிவந்தார். வேர்க்கடலை பிடுங்கி முடித்தவர்கள், கொத்தனார்கள், ஒரு ஆட்டோ டிரைவர். எல்லோருக்கும் அட்டைக் கிரீடமும் தாடியும். மூன்றாவது வரிசையில் ஏழுமலை என்று ஒருவர், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். நெடுநெடுவென்று இருந்ததால் அவருக்கு வெள்ளைத் தாடி கொடுத்துக் குரு வம்சத்துப் பெரியவர் ஆக்கியிருந்தார்கள். பணிப்பெண்களாகக் குப்பத்துப் பெண்கள். அதில் கன்னியம்மாவும் இருந்தாள். சாமரத்தைக் கூடை தூக்குகிற மாதிரி தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இயக்குநர் சபையினரிடம் விளக்கினார். "அந்தப் பொண்ணை இழுத்துட்டு வருவாங்க. நீங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டு உட்காரணும். யாரும் பேசக்கூடாது. ராஜா எதிர்ல பேச முடியாது."

"சரி சார்" என்றார் ஏழுமலை. மற்றவர்களும் சரி என்றார்கள்.

அன்று காலையில் நான் ரவிக்கையைப் போடும்போதுதான் கவனித்தேன். இடது தோள் தையலை முழுக்கப் பிரித்துவிட்டு, பேருக்கு ஒரு நூல் ஓட்டியிருந்தது. உள் உடுப்பில் அந்தத் தோளையே காணோம். மணி அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சேனல்ல கேட்டாங்களாம்மா. இழுக்கறப்போ கிழியணுமாம். ப்ரோமோவுக்கு" என்றார்.

நான் இயக்குநரிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "சாப்பிட்டீங்களா?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு செகண்ட்தான்மா. அவங்க கேக்கறாங்க" என்றார். சேனலிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் மானிட்டருக்குப் பக்கத்தில் குளிர்கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார்.

அம்மா வெளியே ஜெனரேட்டர் பக்கம் நாற்காலி போட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது. மற்றபடி செட்டில் எல்லோருக்கும் தெரியும். மேக்கப்மேன் தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். லைட்மேன்கள் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் ஐந்து கணவர்களும் வேன் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

பலகையில் ஏறுவதற்கு முன்னால் சபைக்குள் இழுத்துவரும் ஷாட். பிரபாகர் என் கூந்தலைப் பிடித்தார். "சாரி சிஸ்டர்." ஆக்‌ஷன் என்றதும் இழுத்தார். நான் விழுந்தேன், எழுந்தேன். நடுச்சபையில் நின்று நான் சொல்லவேண்டிய வசனம் ஒன்றுதான். "இந்தச் சபையில் எனக்காகப் பேச ஒருவருமே இல்லையா?"

சொன்னேன். இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஒத்திகையில் அப்படிப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஏழுமலை எழுந்தார். கிரீடம் கீழே விழுந்தது.

"ஏம்மா இல்ல? நாங்க இத்தினி பேரு கீறோமே!"

கட். இயக்குநர் அவரிடம் போய், "சாப்பிட்டீங்களா?" என்றார். ஏழுமலை, "ஆச்சு சார், பொங்கலு" என்றார்.

இரண்டாவது டேக். ஏழுமலையை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் வசனத்தைச் சொன்னேன். பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். அதற்கடுத்த டேக்கில் ஆட்டோ டிரைவர் எழுந்து பிரபாகரைப் பார்த்து, "டேய், கைய எட்றா" என்றார். பிரபாகர் கையை எடுத்துவிட்டார்.

அதுவரை யாரும் பார்த்திராத அளவுக்கு இயக்குநர் வேகமாக நடந்து வந்தார். "உங்களுக்கு என்னதான் பிரச்சனை?"

"எனுக்கு பிரச்சன ஒண்ணுமில்ல சார்" என்றார் ஏழுமலை. "அந்தப் பொண்ணு ஆரனா கீறாங்களான்னு கேக்குது. கீறோம்னு சொல்றது தப்பா?"

"அது டயலாக்குங்க."

"தெரியும் சார். டயலாக்குன்னா, கேக்கறாப்ல இல்லியா?"

இயக்குநர் சேனல்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில்தான் கன்னியம்மா சாமரத்தோடு என் பக்கத்தில் வந்தாள். என் தோளையே பார்த்தாள்.

"இன்னாடி இது, நூலு தொங்கிகினு கீது? நேத்து ஒத்திகையில நல்லா தச்சிருந்துச்சே."

அவள் நூலைத் தொட்டுப் பார்த்தாள். கீழே தோல் தெரிந்தது. திரும்பி, மீன் ஏலத்தில் விலை கேட்கிற குரலில், சபை முழுவதற்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். "ஆரு பிரிச்சது இத்த?"

மணி அண்ணன் குனிந்துகொண்டார். சேனல்காரர் போன் பேசுவதற்காகத் தோப்புக்குள் போனார். தெர்மகோல் தூண்கள் காற்றில் கிறீச்சிட்டன.

நான் அந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து எந்த இயக்குநரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆடாக நடிக்கச் சொன்னபோதும் சொன்னதில்லை. ஒருத்தி கேட்டுவிட்ட பிறகு சொல்வது சுலபமாக இருந்தது. "எனக்கு இது வேணாம் சார்" என்றேன். சபைக்கும் கேட்டது.

சுந்தரேசன் சார் என் தோளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "மணி, தைச்சிடு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மணி அண்ணன் ஓடிவந்தார். உள்ளேயும் வெளியேயும் வைத்து, நின்றபடியே, இனி யாராலும் பிரிக்க முடியாதபடி தைத்தார். தைக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

பிரச்சனை அத்தோடு முடியவில்லை. இப்போது பிரபாகர் வந்து, கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்காமல் இனிமேல் தன்னால் கூந்தலைத் தொட முடியாது என்றார். எங்கள் பக்கக் கூத்தில் அது வழக்கம். துச்சாதனன் கட்டுகிறவர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் துகிலில் கை வைப்பார். சபையில் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"அப்படிச் செஞ்சா உட்காருவீங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

ஏழுமலை யோசித்தார். "இழுக்கறது கத சார். எங்களுக்கும் தெரியும். கற்பூரம் காட்டிட்டா குந்திப்போம். ஆனா அது வாயத் தொறந்து கேட்டா பேசாம இருக்க முடியாது. அதக் கேக்க வாணாம்னு சொல்லுங்க."

வசனத்தை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், இன்றைக்குத் துகில் மட்டும் என்று முடிவானது.

கன்னியம்மா ஒரு தட்டில் கற்பூரத்தோடு வந்தபோது அம்மாவும் சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டாள். தட்டைப் பார்த்ததும் என் முன்னால் வந்து நின்றாள்.

"கன்னியம்மா, என் பொண்ணு ஞானஸ்நானம் வாங்கினவ. இதெல்லாம் காட்டக்கூடாது."

"நான் உன் பொண்ண கும்புடல மேரியக்கா. அவன் அது மேல கை வைக்கப் போறான். அதுக்கு மன்னிப்பு கேக்கறான். மன்னிப்பு கேக்கறதுக்கு எந்த மதமா இருந்தா இன்னா?"

அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். நடந்தது என்ன என்று என்னிடம் கேட்டாள். தோளைக் காட்டினேன். புதுத் தையல் வெள்ளை நூலில் இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து நேராக நின்றாள்.

"சரி. கேக்கட்டும். ஆனா எங்கிட்டயும் கேக்கணும். பெத்தவ நான்."

பிரபாகர் கிரீடத்தைக் கழற்றிவிட்டு முதலில் என் முன்னால் கும்பிட்டார். "தாயே, பொழப்புக்காகச் செய்யறேன், மன்னிச்சுக்கோ" என்றார். அடுத்து அம்மா முன்னால் போய் நின்றார். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஆன்ட்டி, மெதுவாத்தான் இழுப்பேன்" என்றார். அம்மா அவர் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். துச்சாதனன் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் மேக்கப் கலைந்து, மறுபடி போடவேண்டியதாயிற்று.

கன்னியம்மா அதோடு விடவில்லை. தட்டை இயக்குநரிடம் கொண்டுபோனாள். "நீயும் கேளு நைனா. சொல்லிக் குடுக்கறவன் நீதான?"

செட் முழுக்க நின்று பார்த்தது. சுந்தரேசன் சார் இரண்டு கையையும் ஜுவாலைக்கு மேலே காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தத் தட்டு வந்தாலும் எல்லோரும் செய்வதுதான். அது மன்னிப்பா, பழக்கமா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. கற்பூர வெப்பத்தில் என் முகத்து வெள்ளையெல்லாம் இளகி வழிந்தது. அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து என்னைத் தொடுவதற்கு முன்னால் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துகில் ஒரே டேக்கில் முடிந்தது. பலகை சுற்றியது. பிரபாகர் இழுக்க இழுக்கப் புடவை குழியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. சபை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஏழுமலை கண்ணையும் மூடிக்கொண்டார். நான் தூணைப் பார்க்க மறந்துவிட்டேன். கட் என்றதும் துரியோதனனின் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பிரபாகர்தான் தலையைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் வாட்சைப் பார்த்தார்.

சேனல்காரர் தோப்பிலிருந்து திரும்பி வந்து மானிட்டரில் பார்த்தார். தோள் கிழியவில்லை. இயக்குநரைத் தனியாக அழைத்துப்போய் ரொம்ப நேரம் ஆங்கிலத்தில் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இயக்குநர் அவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்றார். அவர் அதை விசாரிப்பு என்றுதான் நினைத்தார்.

சாயங்காலம் கம்பெனி கார் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நானும் அம்மாவும் செய்யூர்க்காரர்கள் போகும் வேனில் ஏறி மெயின் ரோடு வரை வந்தோம். நாளை முதல் இவர்கள் வேண்டாம், சென்னை ஆட்கள் வருவார்கள் என்று ஏஜென்டுக்குச் சொல்லிவிட்டார்களாம். எனக்கு வேனில்தான் தெரிந்தது. அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நான் போய்ச் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

"வுடு ஆத்தா" என்றாள் அதே வேனில் வந்த கன்னியம்மா. "எங்குளுக்குக் கடலு கீது."

ஏழுமலை, "உங்கப்பா எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "காலனியா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரித்தார்.

"நானும் காலனிதான். எங்கூர்ல துரோபதம்மா கோயிலு கீது. பாரதம் நடக்கும். எங்காளுங்க பந்தலுக்கு வெளிய நின்னுதான் பாப்போம். சபையில குந்தினது இதான் மொத தடவ. அதான் பேசிட்டேன் போல."

அம்மா அவரிடம் தயிர் சாத டப்பாவை நீட்டினாள். அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இயக்குநரிடம் அவர்களைப் பற்றிக் கேட்டேன். "என் கையில இல்லம்மா" என்றார். அன்று அவர் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த சபையினர் பழகியவர்கள். தாடியைத் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். குனி என்றால் குனிந்தார்கள். நான் நடுவில் நின்று முதல்நாள் பாக்கியிருந்த வசனத்தைச் சொன்னேன். "இந்தச் சபையில் எனக்காகப் பேச ஒருவருமே இல்லையா?" சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். குனிந்த தலைகள். எனக்கு அழுகை வந்தது. கிளிசரின் பாட்டிலோடு நின்றிருந்த மேக்கப்மேன் அதை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். இயக்குநர் வாட்சைப் பார்த்தார்.

அந்தக் கம்பெனி பாரதம் முடிந்தபிறகு என்னைக் கூப்பிடவில்லை. வேறு இடங்களில் அம்மா வேஷம், அப்புறம் மாமியார் வேஷம் என்று முழங்கால் ஒத்துழைத்தவரை நடித்தேன். பிரபாகர் ஜிம்மை விரிவாக்கினார். மாமியார் மறுபடி சோறு போட்டார். சுந்தரேசன் சார் இப்போது இல்லை.

அந்தக் காட்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். பூசை முடித்துவிட்டு அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். குப்பத்தில் பாதி அந்த வீட்டில் இருந்தது. செய்யூரிலிருந்து ஏழுமலையும் ஆட்டோ டிரைவரும் இன்னும் சிலரும் ஆட்டோவில் வந்திருந்தார்கள். டிவிக்குப் பூ வைத்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் கீழே உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை. மேக்கப் இல்லாமல் நான் அவர்கள் நிறத்திலேயே இருந்தேன்.

துகில் வந்தது. பிள்ளைகள், "அதோ ஏழுமல! கண்ண மூடிகினு கீறாரு!" என்று கத்தினார்கள். கன்னியம்மா சாமரம் வீசிக்கொண்டு ஒரு நொடி வந்து போனாள். வீடே கைதட்டியது. எடிட்டிங்கில் என் வசனத்தை அதற்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்திருந்தார்கள். திரையில் என் முகம் பெரிதாக வந்தது. "இந்தச் சபையில் எனக்காகப் பேச ஒருவருமே இல்லையா?"

சபையைக் காட்டினார்கள். யாரும் அசையவில்லை.

எல்லோரும் டிவியை விட்டுவிட்டு ஏழுமலையைப் பார்த்தார்கள். அவர் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் அவர் இடத்தில் வேறு ஒரு வெள்ளைத் தாடி உட்கார்ந்திருந்தது.

"இது எப்ப எட்த்தது?" என்று என்னிடம் கேட்டார்.

"மறுநாள்."

"நாங்க இல்லாத அன்னிக்கா?"

"ஆமா."

"அதான பாத்தேன்" என்றார்.